மரகதத்துக்கு முட்டியில் ஒன்றுமில்லை

"முட்டி மடங்கவே மாட்டேங்குது பாஞ்சாலி. டாக்டரம்மா முன்னால எப்புடி நடந்து காட்டுவேன்?"

ஒரகடத்துக்கு விரைந்த கம்பெனி பஸ்ஸில், பக்கத்து இருக்கைத் தோழியிடம் கிசுகிசுத்தாள் மரகதம். கார்களுக்கு ஒயர் கட்டும் லைனில் ஆண்டுக்கணக்கில் நின்று தேய்ந்த கால்கள் அவளுடையவை. அடுத்த வாரம் எல்லோருக்கும் மருத்துவச் சோதனை. எதற்கென்று நிர்வாகம் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட இடத்தை அச்சம் நிரப்பியது. முட்டி போனவர்களைக் கழித்துக்கட்டப் போகிறார்களாம்! மரகதத்தின் வேலை போனால் மகள் மதிவதனியின் நர்சிங் படிப்பும் போகும். அந்தப் படிப்புக்காக அவள் எந்த வலியையும் விழுங்குவாள். வலியை அடக்கும் எதையும் விழுங்குவாள்.

பாஞ்சாலி, வேர்க்கடலை பங்கிடுபவளைப் போல ஒரு மஞ்சள் மாத்திரையை எடுத்து நீட்டினாள். "இத்தப் போடு. குதிர மாதிரி ஓடுவ."

போட்டாள்; ஓடினாள். மறுநாள் வயிறு எரிந்தது.

"அடியே, நெருப்பக் கொட்டுன மாதிரி கீது!"

"அப்ப இந்த ரோஸ் மாத்திரயப் போடு. இது வேற கம்பெனி. வயித்த ஒண்ணும் பண்ணாது."

கம்பெனிதான் வேறு, மருந்து ஒரே குடும்பம். நிறம் மாறினால் குணமும் மாறும் என்று நம்பி ஏமாறுவது இந்த நாட்டுக்குப் புதிதா என்ன? மரகதம் இரண்டையும் மாற்றி மாற்றி விழுங்கினாள். முட்டி அடங்கியது. பாதம் வீங்கியது.

"காலப் பாருடி, பன்னு மாதிரி!"

"வீக்கமா? அதுக்கும் மாத்திர கீதே!"

"எது?"

"அதே மஞ்சள்தான்."

தீ வைத்தவன் கையிலேயே தண்ணீர்க் குடத்தைக் கொடுத்தார்கள் இருவரும்.

சோதனை நாளன்று, கணவனின் ஷூவுக்குள் பாதங்களைத் திணித்துக்கொண்டு போய் நின்றாள். டாக்டர் கலைமதி ரத்த அழுத்தம் பார்த்தார், புருவம் உயர்ந்தது. ஷூவைக் கழற்றச் சொன்னார், அது கழலவில்லை.

"வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களா?"

"பல்லு வலிக்கும்மா."

"வாயைத் திறங்க. எந்தப் பல்லு? எல்லாம் முத்து மாதிரி இருக்கே!"

"மாத்திரயாலதாம்மா!"

கலைமதி நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். "கேளுங்க மரகதம். வலியையும் வீக்கத்தையும் கிளப்புற ஒரு பொருள் நம்ம உடம்புலயே சுரக்குது. மாத்திரை அதைச் சுரக்கவிடாம நிறுத்துது, வலி அடங்குது. ஆனா வயித்தோட உள்சுவரைக் காக்குறதும், கிட்னிக்குப் போற ரத்த ஓட்டத்தைக் காக்குறதும் அதே பொருள்தான். சைரன் ஊதுறவரும் கேட் வாட்ச்மேனும் ஒரே ஆள்னு வெச்சுக்குங்க. சத்தம் தொல்லைன்னு அவரை வீட்டுக்கு அனுப்பிட்டா, கேட்டை யாரு காப்பா? அதான் வயிறு எரியுது. உப்பும் தண்ணியும் வெளியேறாம தங்கிடுது. கால் வீங்குது, பிரஷர் ஏறுது."

அத்தனை சொற்களில் மரகதத்தின் மனத்தில் தைத்தது ஒன்றே ஒன்று: வீட்டுக்கு அனுப்பிட்டா!

"அம்மா, என்ன அனுப்பிடாதீங்கம்மா!"

"உங்களை யாரு அனுப்புறா? மாத்திரையைத்தான் நிறுத்தச் சொல்றேன். பயப்படாம சொல்லுங்க, முட்டி வலியா?"

கேள்வியில் கனிவு இருந்தது. அஞ்சி நடுங்குபவளுக்குக் கனிவும் கண்ணியாகவே தெரியும்.

"முட்டியா? எனக்கா?" மரகதம் உட்கார்ந்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள், எழுந்தாள். முறுக்கு நொறுங்குவது போல் முட்டி ஒலித்த போதெல்லாம் அதை மறைக்க உரக்க இருமினாள்.

"இருமல் வேற இருக்கா?"

"அது மட்டுந்தாம்மா!"

பெருமூச்சு விட்ட கலைமதி, வயிற்றுக்கு மருந்து கொடுத்து, மறுவாரம் பிரஷர் பார்க்க வரச் சொன்னார். முட்டியில் ஒன்றுமில்லை என்று கணினியில் பதிந்தார்.

வேலை பிழைத்தது! மதிவதனியின் படிப்பு பிழைத்தது! எரியும் வயிற்றோடும் ஏறிய அழுத்தத்தோடும், களம் வென்ற வீராங்கனையாக வெளியே வந்தாள் மரகதம். வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா கோவிந்தம்மா, துடைப்பத்தை ஊன்றி நிமிர்ந்தாள்.

"இன்னாக்கா, உனுக்கும் முட்டி வலி இல்லியா? வலிக்காரங்களுக்கு அதே சம்பளத்துல உக்காந்து செய்யற வேல குடுக்கத்தான் இந்த செக்கப்பே. முன்னாடியே சொன்னா பொய் வலி சொல்லுவீங்கன்னு மேல கீறவங்க மூடி மறச்சாங்க, இப்ப இன்னாடான்னா வாங்கிப் போட்ட நாற்காலி அத்தினியும் காலியாக் கெடக்குது!"