இலுப்பெண்ணெய் பரிசோதிக்கப்பட்ட வரலாறு

இலுப்பை விதையைச் செக்கில் ஆட்டினால் எண்ணெய் வரும். எண்ணெய் வந்தால் அதை ஆராய அரசாங்கம் வரும். நல்லூரில் சசிகுமாரின் பனியன் கம்பெனிக்கும் அப்படித்தான் வந்தது.

பசுமை இல்லாத கம்பெனிக்கு ஆர்டர் இல்லை என்று வெளிநாட்டு பையர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே ஒரே மரத்து எண்ணெயில் ஜெனரேட்டரும் ஓட வேண்டும், கேண்டீன் வடைச்சட்டியும் காய வேண்டும் என்று சசிகுமார் திருவாய் மலர்ந்தருளினார். எண்ணெய், கேண்டீன் நடத்தும் மருதாளுடையது. கணியூர்த் தோட்டத்து மரம்.

"எண்ணெய் கவர்மெண்ட் டெஸ்ட்ல பாஸாச்சுன்னா கேண்டீன் உங்களுக்கேதானுங்க அக்கா. இல்லீன்னா வெளியாளுக்கு உட்ருவனுங்க" என்று மகா பணிவோடு கழுத்தில் கத்தி வைத்தார். மருதாளுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

பயோடீசல் பிரிவிலிருந்து தரணீதரனும் சமையல் எண்ணெய்ப் பிரிவிலிருந்து சித்ரகலாவும் ஒரே ஜீப்பில் வந்திறங்கினார்கள். வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிரிவுகளுக்கிடையே கடிதப் போக்குவரத்துக்கு மட்டுமே அனுமதி.

"இது எரியுதுங்களா?" என்றார் சித்ரகலா.

"நல்லா எரியுமுங்க" என்றாள் மருதாள்.

"எரியறதை எப்படிங்க திங்கறது?"

தரணீதரனுக்கு நேர்மாறான சந்தேகம். "இதைத் திங்கறீங்களா?"

"எங்கூட்டுல காலங்காலமாத் திங்கறமுங்க."

"திங்கறதை எரிச்சா, நாளைக்குப் பஞ்சம் வந்தா என்னையத்தானுங்க கேப்பாங்க."

இரண்டுமே போய்விடும் போலிருக்கிறதே என்று பயந்த மருதாள் அதே எண்ணெயில் ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி சுட்டுக் கொண்டுவந்து வைத்தாள். ஆராய்ச்சி சூடு பிடித்தது. மாதிரி போதவில்லை என்று சித்ரகலா திரும்பத் திரும்பக் குறிப்பு எழுதினார். பஜ்ஜி தன் அதிகார வரம்பில் வராது என்பதால் தரணீதரன் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார்.

சட்டியில் மிஞ்சியதை வடிகட்டி ஜெனரேட்டரில் ஊற்றினார்கள். ஜெனரேட்டர் ஜம்மென்று ஓடியது. புகையில் பஜ்ஜி மணந்தது. தையல் லைன் மொத்தமும் டீ டைம் என்று எழுந்து வந்துவிட்டது. பெல்லை அடித்தது யார் என்று கட்டிங் மாஸ்டர் முனீஸ் மட்டும் விசாரித்தார். பதில் வருவதற்குள் அவரும் வரிசையில் நின்றுவிட்டார்.

அறிக்கை வந்தது. உணவு மணம் பரப்பி உற்பத்தியைக் குலைப்பதால் எரிபொருளாகத் தகுதியில்லை. ஜெனரேட்டரை ஓட்டிய பொருள் என்பதால் உணவாகவும் தகுதியில்லை. முதன்முறையாக ஒத்துப்போன பூரிப்பில் இரு பிரிவுகளும் ஒரே பேனாவால் கையெழுத்திட்டிருந்தன.

மருதாள் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது சசிகுமார் மூச்சிரைக்க ஓடிவந்தார். ஜெனரேட்டர் ஓரம் தொங்கிய சாம்பிள் டி-ஷர்ட்டுகள் அந்தப் புகையோடு பையருக்குப் போய்விட்டனவாம். மோந்து பார்த்தவர் இயற்கை நறுமணம் என்று சொக்கிப்போய், மொத்த ஆர்டருக்கும் அதே வாசனை வேண்டும் என்கிறாராம்.

இப்போது மருதாள் ஃபினிஷிங் செக்‌ஷன் இன்சார்ஜ். துணி அடுக்குகளுக்கு நடுவே காலை முதல் பஜ்ஜி சுடுகிறாள். மணத்துக்குத் தடை இல்லை, தின்னத்தான் தடை. வெந்ததையெல்லாம் முறைப்படி குப்பையில் கொட்டுகிறார்கள். சமைக்க ஆளில்லாமல் கேண்டீனை மூடியாகிவிட்டது. மதியம் வெளியிலிருந்து தயிர்சாதப் பொட்டலம் வருகிறது.

"தொட்டுக்க ஒண்ணுமில்லையாக்கா?" என்றார் முனீஸ்.

மருதாள் ரிஜெக்ட் ஆன துணிக்கட்டிலிருந்து ஒரு டி-ஷர்ட்டை உருவி, நன்றாக மோந்து பார்த்துவிட்டு நீட்டினாள்.

"மீடியம் போதுமா கண்ணு, லார்ஜ் வேணுமா?"