மூன்று பார்சலில் ஒரு துப்பாக்கி

ஐப்பசி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். ஏற்காட்டில் கடும் மூடுபனி. எதிரே வருபவர் யாரென்று தெரிய அவர் தும்ம வேண்டியிருந்தது. அந்த வேளையில்தான் மூன்று பார்சல்களோடு தபால் நிலையத்துக்குள் நுழைந்தேன்.

உள்ளே இருந்தது மாமனார் வீட்டுப் பழைய நாட்டுத் துப்பாக்கி. காப்பித் தோட்டத்தில் காட்டுப்பன்றியை மிரட்ட வாங்கியது. (பன்றி மிரண்டதாகத் தகவல் இல்லை.) கோயம்புத்தூரில் சம்பந்தி புதுவீடு கட்டியிருந்தார். "கூடத்துச் சுவர்ல மாட்ட நான் தர்றேனுங்க" என்று பதினாறு உறவினர் முன்னால் சொல்லிவிட்டேன். கிரகப்பிரவேசத்துக்கு ஆறே நாள். சொன்ன சொல் தவறினால் மகள் புகுந்த வீட்டில் ஆயுசுக்கும் பேச்சுக் கேட்பாள்.

துப்பாக்கியைத் தபாலில் அனுப்பக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவனுக்கு ஒரு வழி தெரியாதா? கட்டை துப்பாக்கி அல்ல. குழாய் துப்பாக்கி அல்ல. விசையும் அல்ல. மூன்றையும் கழற்றி, தனித்தனியே துணி சுற்றித் தைத்தேன். ஒன்று தொலைந்தால் தெரியட்டும் என்று "3-ல் 1", "3-ல் 2", "3-ல் 3" எனக் கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்தேன்.

கவுண்டரில் இருந்த அம்மாள் மூன்றையும் எண் வரிசைப்படி மேசைமேல் அடுக்கினார். அடுக்கியதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க சார், இது துப்பாக்கிங்களா?"

"தனித்தனியா பாருங்கம்மா."

"தனித்தனியா பார்த்தா நானே கையி, காலு, தலைதானுங்க. சேர்த்துத்தானே சம்பளம் குடுக்கறாங்க."

"நொம்பப் பழசும்மா. சுடாது."

"பழசோ புதுசோ, தபால்ல எடுக்க மாட்டமுங்க."

வரிசையில் நின்ற ஏழு பேரும் ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் நடந்துவிட்டார்கள். அவர்களில் யாரோ சொல்லிப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். குழாயைப் பிரித்தார்.

"உள்ளார ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஒண்ணுமே இல்லைங்க" என்றேன். (எட்டிப் பார்க்காமலே.)

அவர் குழாயைத் தலைகீழாகத் தட்டினார். ஒரு மண்கட்டி விழுந்து உடைந்தது. குளவிகள். அவருக்குக் காதில் ஒரு கொட்டு, எனக்கு மூன்று. அந்த அம்மாள் கவுண்டரை மூடிக்கொண்டு தப்பித்தார்.

மாமனாரின் லைசென்ஸ் கிடைக்கவில்லை. துப்பாக்கி ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டது.

கிரகப்பிரவேசத்தன்று கூடத்தில் இரண்டு பெரிய ஆணிகள் காத்திருந்தன. "ஆணி அடிச்சு ரெடியா வெச்சிருக்கேனுங்க, சம்பந்தி" என்றார். அத்தனை பேர் பார்க்க, வெறுங்கையை நீட்ட மனம் வரவில்லை. கையிலிருந்த குடையை மாட்டினேன்.

அது இன்றும் அங்கேதான் தொங்குகிறது. வருகிறவர்களிடமெல்லாம் சம்பந்தி காட்டுகிறார்: "ஏற்காட்டுத் துப்பாக்கிங்க. மழை வந்தாத்தான் வெடிக்கும்." மகள்தான் முதலில் சிரிக்கிறாள்.

துணி, நூல், குளவிக்கடிக்கு ஊசி, போலீஸ்காரர் காதுக்கு மருந்து, எனக்குப் புதுக்குடை: ஆக மொத்தம் ஆயிரத்து முந்நூற்று அறுபத்து நான்கு ரூபாய்.