பிரிக்கக்கூடாத சொல்

பஞ்சு மூடைகள் அடுக்கிய கிட்டங்கிக்குள் துரை வாயில் சுங்கான் பைப்போடு நிற்பதைப் பார்த்ததும் மானேஜருக்கு வேர்த்துவிட்டது.

"சௌரிராஜன், கிட்டங்கி உம்ம பொறுப்பு. ஒரு பொறி விழுந்தா மில்லும் இல்ல, உமக்கு வேலையும் இல்ல."

"இப்பவே போய்ச் சொல்லிட்டு வாரேன் சார்."

"நேரே சொல்லிராதீரும். கோவிச்சுக்கிட்டு மெஷினைப் பாதியில போட்டுட்டுக் கப்பலேறிட்டார்னா? பதவிசா நடந்துக்கும்."

ஹல்வோர்சன் துரை, மேலூர் சாலையில் இருந்த அந்த மில்லுக்குப் புது இயந்திரங்களைப் பூட்டித் தர நார்வேயிலிருந்து வந்தவர். அரைகுறை இங்கிலீஷ், அதற்கும் குறைவாகத் தமிழ். ஸ்டோர் கீப்பர் சௌரிராஜன் யோசித்தார். கண்டிப்பைக்கூடத் தாய்மொழியில் கேட்டால் யாருக்கும் கோபம் வராது. வீட்டில் சௌராஷ்டிரமும் வெளியில் தமிழும் பேசுகிறவருக்கு இது அனுபவ பாடம்.

துரையிடமே நைசாகக் கேட்டார். "'புகை கூடாத இடம்' என்பதை உங்கள் பாஷையில் எப்படி எழுதுவது?"

துரைக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஊரில் அவருடைய மொழியைப் பற்றி விசாரித்த முதல் மனிதர் இவர்தான். 'ரோய்க்பிரித்' என்று எழுதிக் கொடுத்துப் பாடமே நடத்தினார். புகைக்கு ஒரு சொல், அற்றது என்பதற்கு ஒரு சொல். ஒட்டினால் இரண்டும் ஒன்று. அழுத்தம் முதல் அசையில் விழ வேண்டும். நடுவில் மட்டும் இடைவெளி விடவே கூடாது; விட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடும்.

மறுநாள் பெயிண்டர் பேயாண்டி மாட்டியிருந்த பலகையில் அந்தச் சொல் இரண்டு வரிகளில் இருந்தது.

"ஏன்யா, ஒத்தச் சொல்லை ரெண்டாக்கி வச்சிருக்கே?"

"பலகை அம்புட்டுத்தான் அகலம் சாமி. வாசிச்சுக் காட்டுறப்ப நீங்கதான பிரி, பிரின்னீக. பிரிச்சுட்டேன்."

துரை பலகையைப் பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மூடை தூக்கும் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன துரை எழுதியிருக்கு?"

துரை அதை நடுவில் நிறுத்தி, பலகையில் இருந்தபடியே வாய்விட்டுப் படித்தார். தமிழ் பேசக் கிடைத்த வாய்ப்பையும் அவர் விடுவதில்லை. "தாராளமா... புகை பிடி," என்று எழுத்துக் கூட்டிச் சொன்னார்.

அன்று மத்தியானமே கிட்டங்கியில் பீடி நாற்றம்.

சௌரிராஜன் துரையிடம் ஓடினார். இரண்டு வரியாக எழுதுவதானால் ஒட்டும் இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டால் போதும் என்றார் துரை. சௌரிராஜன் அதைப் பேயாண்டிக்குச் சொல்லி அனுப்பினார். பேயாண்டி இரண்டாவது வரிக்கு அடியில் சிவப்பில் பட்டையாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போனான்.

துரை நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இப்போ... ரொம்பத் தாராளமா."

அதையும் ஆட்கள் கேட்டுக்கொண்டார்கள். பீடியோடு நின்றவர்கள் சுருட்டுக்கு மாறினார்கள்.

சௌரிராஜன் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு உள்ளே போனார். "எல்லாரும் அணைங்கய்யா. இங்க யாரும் குடிக்கக் கூடாது."

"துரை ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீகளே," என்றான் கருத்தக்கண்ணன். ஆட்களில் கொஞ்சம் நியாயம் பேசுகிறவன் அவன். "இது துரை போட்ட சட்டம். மாத்துறதா இருந்தா துரை பாஷையிலயே மாத்துங்க."

அது சௌரிராஜனுக்கும் சரி என்றே பட்டது. அந்த ஒற்றைச் சொல்லைத் தொண்டை கிழியக் கத்தினார். ஆத்திரத்தில் அழுத்தம் முழுவதும் கடைசி அசையில் விழுந்தது. நடுவில் மூச்சு வேறு வாங்கிக்கொண்டார். பலகை முன்னால் துரை வாய்விட்டுப் படித்தபோது ஆட்களுக்குக் கேட்டது எப்படியோ, அப்படியே இருந்தது.

"ஸ்டோர் ஐயாவும் ஒத்துக்கிட்டாரப்பா," என்று கருத்தக்கண்ணன் தீப்பெட்டியை உரசினான்.

சிறிது நேரத்தில் மூலையில் ஒரு மூடை புகைந்தது. பிறகு நாலைந்து எரிந்தன. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் துரை. சட்டை நனைந்து கரியாகிவிட்டது; சுங்கான் மட்டும் வாயை விட்டு அசையவில்லை.

மானேஜர் வந்து நின்றார். அவர் வாய் திறப்பதற்குள் சௌரிராஜன் முந்திக்கொண்டார். வேலை போவது உறுதியான பிறகு பதவிசு எதற்கு?

"எல்லாம் அந்தச் சுங்கானால வந்த வினை சார். முதல் நாளே அதை அவர் வாயிலேர்ந்து பிடுங்கியிருக்கணும்."

சாப்பாட்டுக் கேரியரோடு அப்போதுதான் வந்து சேர்ந்த துரையின் சமையல்காரன் மலையாண்டி குறுக்கே புகுந்தான்.

"அதப் போய் ஏன் சாமி குத்தஞ் சொல்றீக? டாக்டர் வேணாம்னு சொன்னதுலேர்ந்து துரை புகையிலையத் தொடுறதே இல்ல. வெறுஞ் சுங்கானைத்தான் சப்பிக்கிட்டுத் திரியிறாரு."