பலம் தரும் பிஸ்கட்டும் பழைய கலண்டரும்

அந்த ஞாயிற்றுக்கிழமை கற்பிட்டியில் மீன் வாங்க ஆளில்லை. ஊரே செய்னுலாப்தீன் ஹாஜியாரின் கல்யாண மண்டபத்தில் இருந்தது. கல்யாணம் ஒன்றுமில்லை. கொழும்பிலிருந்து மாஸ்டர் ஸுஹைப் வந்திருந்தார். நுரைச்சோலையிலிருந்து இரண்டு வேன், புத்தளத்திலிருந்து ஒரு பஸ். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வாழ்க்கையில் முன்னேறக் காத்திருந்தார்கள்.

மாஸ்டரிடம் மூன்று சரக்கு இருந்தது. கடற்பாசி பிஸ்கட், தசை வளர்க்கும் மா, அப்புறம் 'நாற்பது நாளில் நானே ராஜா' என்றொரு புத்தகம். பிஸ்கட் நீரிழிவை, அதாவது சீனி வருத்தத்தை, விரட்டும். மா தோளைத் திரட்டும். புத்தகத்தை வாசிக்கக்கூடத் தேவையில்லை, நெஞ்சோடு அணைத்தால் போதும். வாசிக்காமலே அறிவாளியாகலாம் என்றதும் புத்தகம்தான் முதலில் தீர்ந்தது. பிஸ்கட் பக்கற்றில் கடலில் பட்டம் பிடித்துப் பாயும் ஒரு வெள்ளைக்காரரின் படம். அவர் இதைத் தின்றாரா என்று யாரும் கேட்கவில்லை.

"ஆதாரமில்லாம நான் கதைக்கிறதில்ல" என்பார் மாஸ்டர். ஒருவரை மேடைக்கு அழைத்து, வலக்கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி இரண்டு விரலால் அழுத்துவார். கை பொத்தென்று விழும். பிறகு இடக்கையில் பிஸ்கட் பக்கற்றைக் கொடுத்து மறுபடி அழுத்துவார். கை அசையாது. மண்டபம் அதிரும்.

அன்று மேடையேறியவர்களில் ஜபாரும் ஒருவர். வெங்காயத் தோட்டக்காரர், பத்து வருடமாகச் சீனி வருத்தம். கருவாடு விற்கும் அவருடைய மனைவி ஹஃபீலா பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தாள். விழுந்த கை நிமிர்ந்து நின்றபோது அவளுக்கும் புல்லரித்தது. பொய் சொல்லக்கூடாது, அவளும் கை தட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் ஜபார் கிளினிக்கில் கொடுத்த குளிசைகளைத் தூக்கி அலுமாரிக்கு மேல் போட்டார். "இதெல்லாம் பலமில்லாதவங்களுக்கு" என்றார்.

பத்து நாள் போனது. மண்வெட்டி பட்ட கால்விரல் புண் ஆறவில்லை. ஓரம் கறுத்தது. கிளினிக்குக்குப் போவோம் என்றாள் ஹஃபீலா.

"நோய் உடம்பில இல்ல, நினைப்பிலதான். புத்தகத்தில இருக்கு."

"அப்ப இந்தப் புண் எதில இருக்கு?"

அந்தப் பக்கத்தை ஜபார் இன்னும் அணைத்திருக்கவில்லைபோல. பேச்சை மாற்றி மேடை அனுபவத்தை மறுபடி விரித்தார். "மாஸ்டர் முதல்ல அமத்தின நேரம் மணிக்கூட்டு வார் கையில குத்திச்சு. பிஸ்கட்டைப் பிடிச்சதும் நோவே இல்ல, புள்ள."

ஹஃபீலா நிறுத்துக்கொண்டிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாந்தரமும் மணிக்கூட்டிலயா அமத்தினார்?"

ஜபார் யோசித்தார். "இல்ல. முழங்கைக்கு இங்கால, தோள் பக்கம்."

இருபது வருடமாக மீன் கூடை தூக்குகிறவள் ஹஃபீலா. உடம்போடு ஒட்டிப் பிடித்தால் கூடை இலேசு, கையை நீட்டிப் பிடித்தால் பாரம் என்பது அவளுக்கு எந்த மாஸ்டரும் சொல்லித் தரத் தேவையில்லாதது. கணவரின் கையை நீட்டச் சொன்னாள். இடக்கையில் பிஸ்கட்டைக் கொடுத்து மணிக்கட்டில் அழுத்தினாள். கை விழுந்தது. பிஸ்கட்டை வாங்கிவிட்டுச் சவர்க்காரத் துண்டைக் கொடுத்து முழங்கைக்கு மேலே அழுத்தினாள். கை நின்றது.

"நீ அமத்தினா சரிவராது" என்றார் ஜபார். "மாஸ்டருக்குப் பயிற்சி இருக்கு."

மனைவி கண்ணெதிரே காட்டியதைவிட மைக்கில் கேட்டதை நம்புகிற வர்க்கம் அது. சரி, மாஸ்டரே அழுத்தட்டும் என்று ஹஃபீலா முடிவு செய்தாள்.

அடுத்த கூட்டத்தில் மாஸ்டர் இன்னும் ஒரு படி ஏறிவிட்டார். "இந்தச் சக்தி பக்கற்றுக்குள்ள அடங்காது. கல் சுவரையும் ஊடுருவும்."

ஹஃபீலா எழுந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பேசின்.

"அப்ப கடதாசியையும் ஊடுருவும்தானே, மாஸ்டர். இதில ஆறு பொட்டலம். மூண்டில உங்கட பிஸ்கட், மூண்டில வேற சாமான். எல்லாம் தராசில ஒரே நிறை. ஹாஜியார் கலக்கட்டும். எதில பலம் இருக்கெண்டு என்ட மாப்பிள்ளைட கையைப் பாத்துச் சொல்லுங்க."

சுவரை ஊடுருவியவர் கடதாசிக்குப் பின்வாங்க முடியுமா? மாஸ்டர் சிரித்தார். ஹாஜியார் கலக்கி ஒவ்வொன்றாகக் கொடுத்தார். ஜபார் கையை நீட்டினார். மாஸ்டர் அழுத்தினார். முதலாவது பலம், இரண்டாவது பலவீனம், மூன்றாவதும் நான்காவதும் பலம், மற்ற இரண்டும் பலவீனம்.

ஹாஜியார் முதல் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே போன வருடக் கலண்டரின் ஜனவரித் தாள், நாலாக எட்டாக மடித்தபடி. மூன்றாவதில் பிஸ்கட். நான்காவதில் மே மாதம். பலவீனமான மூன்றில் ஒன்று செப்டெம்பர். மற்ற இரண்டும் மாஸ்டரின் சொந்தப் பிஸ்கட்.

மாஸ்டர் பிரித்த கடதாசி ஒன்றை எடுத்து முகர்ந்தார்.

"கடதாசியில கருவாட்டு வாசம்" என்றார் மாஸ்டர். "அது சக்தியைக் கெடுத்திட்டுது."

ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கல் சுவரைத் தாண்டினது கருவாட்டைத் தாண்டேலாமப் போயிட்டுதோ, மாஸ்டர்?"

முதல் சிரிப்பு ஜன்னல் பக்கமிருந்து வந்தது. ஹஃபீலா சத்தமாகச் சொன்னாள்: "பக்கத்தில இருக்கிறவங்கட மணிக்கட்டில அமத்திப் பாருங்க. மறுகா முழங்கைக்கு மேல அமத்துங்க. பிஸ்கட் ஒண்டும் வேணாம்."

ஆண்கள் ஆண்களின் கையை அழுத்தினார்கள், பெண்கள் பெண்களின் கையை. முந்நூறு கைகள் விழுந்தன, நின்றன, மறுபடி விழுந்தன. புத்தகத்தை அணைத்திருந்தவர்கள் அதைக் கதிரைக்கடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார்கள். எல்லாரும் நிமிர்ந்தபோது மேடை காலி. சொன்ன சொல் தவறாத மனிதர் மாஸ்டர். மற்றவர்களுக்கு முன்னால் அவர்தான் வேகமாக முன்னேறியிருந்தார், புத்தளம் வீதியில், காரில்.

ஜபார் மேடைப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஊருக்கு முன்னால என்னை மடையனாக்கிட்டாய்."

"இல்ல. நீங்க தனிய இல்லையெண்டு காட்டினன்" என்று ஹஃபீலா பக்கத்தில் அமர்ந்து, கைப்பையிலிருந்து குளிசைகளை எடுத்து நீட்டினாள். அவர் மறுக்கவில்லை. மறுநாள் கிளினிக்கில் டொக்டர் புண்ணைத் துப்புரவாக்கிக்கொண்டே ஏசினார். இன்னும் ஒரு கிழமை பிந்தியிருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்குமாம்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? புதன்கிழமை அயல்வீட்டு ஹாசிம் கருவாடு வாங்க வந்தார். வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். ஆளில்லாத நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"ராத்தா, பிஸ்கட் பொய்தான். ஓம். ஆனா அந்த ஜனவரித் தாள் ஜபார் நானாட கையை நிப்பாட்டினதுதானே. அது மிச்சம் இருக்கா?"

ஹஃபீலா தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அல்லாஹ் மூளையைச் சும்மா தந்ததுதான் பிழையாப் போச்சு, ஹாசிம். பக்கற்றில போட்டு வித்திருந்தா வரிசையில நிண்டு வாங்கியிருப்பீங்க. வாங்கினதுக்காகவாவது ஒரு நாள் பாவிச்சும் பாத்திருப்பீங்க."