கிளைடரில் நான் தனியாகப் பறந்த ஒரே ஞாயிறு

ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு வருடா வருடம் ஒரு கட்டாயப் பயிற்சி வரும். தீப்பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் படம் ஓடும். நாங்கள் காபி குடித்தபடி ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அமுக்கிக்கொண்டே போவோம். கடைசியில் சான்றிதழ் வந்துவிடும். (எங்கள் கட்டடத்தின் அவசரப் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.) இந்தப் பழக்கத்தோடு ஒருவன் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகக் கூடாது. நான் போனேன்.

தெலுங்கு பேசும் கொண்டாப்பூரில் ஃபிளாட்டும் இடுப்பில் தொப்பையும் சேர்ந்த பிறகு வந்த ஆசை அது. ஊருக்கு வெளியே ஒரு சின்ன கிளப். அவர்களிடம் இருந்ததே ஒரு கிளைடர்தான். அதற்கு எஞ்சின் கிடையாது. மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் வின்ச் என்கிற இயந்திரம் கம்பியைச் சுற்றி இழுக்க, பட்டம் மாதிரி மேலே ஏறும். உச்சியில் கம்பியைக் கழற்றிவிட்டு, காற்றை நம்பி இறங்கி வர வேண்டும். சொல்லிக்கொடுத்தவர் ஸ்ராவணி என்கிற உப்பல்காரப் பெண். என்னைவிட மிகவும் சின்னவர். கிளப்பில் சம்பளத்துக்கு இருந்த ஒரே பயிற்சியாளர்.

கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் சரிபார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெல்ட் மாட்டியாச்சு, மூடி பூட்டியாச்சு, ஏர் பிரேக் பூட்டியாச்சு. (ஏர் பிரேக் என்பது இறக்கையின் மேல் எழும்பி நின்று கிளைடரைச் சீக்கிரம் கீழே இறக்கும் பலகை. ஏறும்போது அது மூடியே இருக்க வேண்டும்.) நான் வாய்ப்பாடு மாதிரி கடகடவென்று ஒப்பிப்பேன். ஸ்ராவணி ஒவ்வொரு முறையும் நிறுத்தி, ஏர் பிரேக் லீவரைத் தொட்டு, பூட்டியிருக்கிறதா என்று இழுத்துக் காட்டச் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு பெரிய டீமையே கட்டி மேய்க்கிறவன் நான், என்னிடம் போய் லீவரைத் தொடு என்றால்?

இதற்கிடையில் திருச்சியிலிருந்து மச்சான் வருவதாக இருந்தது. அந்த ஞாயிறு நான் தனியாகப் பறக்கப்போவதாகக் குடும்ப வாட்ஸப் குழுவில் அறிவித்துவிட்டேன். ஸ்ராவணியிடம் சொன்னபோது, “இன்கோ நெல ஆகண்டி சார்” என்றார். இன்னும் ஒரு மாதம் பொறுக்க வேண்டுமாம்.

ஐடி ஆசாமி அப்போது என்ன செய்வான்? எஸ்கலேட் செய்வான், அதாவது மேலிடத்துக்குக் கொண்டுபோவான். கிளப் செக்ரட்டரிக்கு நீளமாக ஒரு மெயில் தட்டினேன். பயிற்சியில் தாமதம், வாடிக்கையாளர் அதிருப்தி என்றெல்லாம் அதில் இருந்தது. உடனே பலன் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்போதாவது வந்துபோகும் வேறொரு பயிற்சியாளரை ஏற்பாடு செய்தார்கள். அவர் என்னோடு ஒரே ஒரு சுற்று வந்தார், தோளில் தட்டினார். “லைட் லே லோ பாய், ஹோ ஜாயேகா”, அலட்டிக்காதீங்க, எல்லாம் ஆயிடும் என்று இந்தியில் அனுமதி கொடுத்துவிட்டு போனை எடுத்துக்கொண்டார்.

மச்சான் வீடியோ எடுத்தார். ஏர் பிரேக் பூட்டியாச்சு என்று நான் கம்பீரமாகச் சொன்னது அதில் நன்றாகக் கேட்கும். என் கை அந்த லீவர் பக்கமே போகாததும் நன்றாகத் தெரியும்.

பாதி ஏறும்போதே பலகைகள் எழும்பிவிட்டன. எனக்குத் தெரியவில்லை. கம்பியைக் கழற்றிவிட்டுக் கீழே பார்த்தால், ஸ்ராவணி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார். மனசு மாறி வாழ்த்துகிறார் என்று நினைத்து நானும் கையசைத்தேன். (அவர் கையாட்டி ஓடுவதும் வீடியோவில் இருக்கிறது.) அதற்குள் கிளைடர் லிஃப்ட் மாதிரி இறங்க ஆரம்பித்தது. லீவரை முன்னால் தள்ளினால் தீர்ந்திருக்கும். நான் காற்றைத் திட்டிக்கொண்டே மூக்கைத் தூக்கப் பார்த்தேன். மைதானத்தைத் தொடாமல் பக்கத்துச் சோளக்காட்டு வரப்பில் போய் மோதினேன். கிளைடரின் வால் முறிந்தது. எனக்குக் காறை எலும்பு முறிந்தது.

முதலில் வந்து சேர்ந்தவர் ஸ்ராவணிதான். பெல்ட்டைக் கழற்றினார், கை கால்களை அசைக்கச் சொன்னார். பிறகு அந்த லீவரைப் பார்த்தார். கோபமே இல்லாமல், “சார், சூசாரா, செப்பாரா?” என்று கேட்டார். பார்த்தீங்களா, இல்லை சும்மா சொன்னீங்களா என்று அர்த்தம்.

“சொன்னேன்” என்றேன்.

விசாரணையில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, இவருக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்பதுதான். ஞாயிற்றுக்கிழமைக்காரர் ஒரே சுற்றுதான் வந்தேன் என்று கையை விரித்துவிட்டார். ஒரு மாதம் கேட்டேன் என்று ஸ்ராவணி சொன்னார். என் மெயிலைப் பற்றி நானும் சொன்னேன். ஆனால் இருந்த ஒரு கிளைடரும் போன பிறகு யார் சரி, யார் தப்பு என்பதில் என்ன இருக்கிறது? பயிற்சி நின்றது, அவர் வேலையும் போயிற்று. இப்போது உப்பலில் ஒரு கூரியர் அலுவலகத்தில் இருக்கிறார். மன்னிப்புக் கேட்கப் போனபோது டீ வாங்கிக்கொடுத்து, எலும்பு சேர்ந்துவிட்டதா என்று விசாரித்தார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இது நிரந்தர வேடிக்கையாகிவிட்டது. கேஸ் அடுப்பை மூடியாச்சு என்று நான் சொன்னால் போதும். “பாத்தீங்களா, சொன்னீங்களா?” என்பாள் மனைவி. இங்கேயே படித்து வளர்ந்த மகள் தெலுங்கிலேயே “சூசாவா, செப்பாவா?” என்பாள். மச்சான் திருச்சியிலிருந்து போன் செய்து கேட்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் தானும் கிளைடர் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். அப்பா மாதிரி இல்லாமல் ஒழுங்காகச் சொல்லித்தர ஆள் வேண்டுமே என்று மனைவி சிரித்தாள்.

“ஸ்ராவணி அக்கா உந்தி கதா?” என்றாள் மகள். ஸ்ராவணி அக்கா இருக்காங்க இல்லையா என்கிறாள்.

அன்றைக்கு என்னை யாரும் கேலி செய்யவில்லை.