எதிர்க்கட்சி ஆதரித்த டயர்

இந்தத் தடவை வீட்டில் ஜெயித்தே தீருவது என்று லிஃப்ட் மெக்கானிக் சபதம் எடுத்தபோது, பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவில் ஒரு லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்திருந்தார். மனிதர்கள் பெரிய முடிவுகளை உயரமான இடத்தில்தான் எடுக்கிறார்கள். கீழே இறங்கி வந்ததும்தான் வம்பு.

அவருடைய பிழைப்பே மேலே போவது, கீழே வருவது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ மைல் பயணம் செய்திருப்பார். ஆனால் பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்ததில்லை. அந்த ஏக்கத்தில் வாங்கியதுதான் அந்த பைக். காடு, மலை, பாலைவனம் எதுவானாலும் தாண்டும் என்று விளம்பரக்காரர்கள் சத்தியம் செய்த அட்வென்ச்சர் பைக். இரண்டு பக்கமும் பெட்டி. முன்னால் பறவை அலகு மாதிரி ஒரு மட்கார்டு. ஏறி உட்கார்ந்தால் நுனிக்கால்தான் தரையில் படும்.

வாங்கி மூன்று வருஷத்தில் அந்த வண்டி தாண்டிய மிகப் பெரிய தடை, தண்ணீர்க் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டியபோது குறுக்கே கிடந்த மண்மேடு. தேவையே இல்லாமல் அதைத் திரும்பத் திரும்பத் தாண்டினார். வேலையாட்கள் கை தட்டினார்கள் என்பது இவர் கட்சி. தள்ளிப் போய்யா என்று கையை ஆட்டினார்கள் என்பது மனைவியின் கட்சி. அந்த வீட்டில் எந்த விஷயத்துக்கும் இரண்டு கட்சி உண்டு. அவர் ஆளுங்கட்சி என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க யாராவது ஓட்ட, பக்கத்து சீட்டில் தனக்கென்று இருக்கும் இன்னொரு பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர். பழக்க தோஷம், வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் கணவர் ஏதாவது திட்டம் சொல்ல ஆரம்பித்தால் அந்தம்மாளின் கால் தரையை அழுத்தும்.

அப்படிப்பட்டவர் பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து மகளைப் பார்க்க வரச் சம்மதித்திருந்தார். மகளுக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் வேலை கிடைத்து ஆறு மாதமாகிறது. அவள் போன பிறகு வீடு ரொம்பவும் அமைதியாகிவிட்டது. கணவனும் மனைவியும் கேஸ் தீர்ந்ததைப் பற்றியும் குழாய் ஒழுகுவதைப் பற்றியும் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பயணம் நடந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மெக்கானிக்குக்கு ஒரு நம்பிக்கை. தனியாகப் போவதில் அவருக்குத் துளியும் இஷ்டமில்லை.

"வரேன். ஆனா டயரை மாத்தினாத்தான் வருவேன். மொட்டையாயிடுச்சு," என்று மட்டும் சொன்னார் மனைவி. எந்த டயர் என்று சொல்லவில்லை.

மெக்கானிக்கின் மனத்தில் ஒரே டயர்தான் இருந்தது. பட்டன் டயர். உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் கட்டைகள் துருத்திக்கொண்டு நிற்கும். சேற்றையும் மணலையும் கவ்விப் பிடித்து ஏறும். அவர் போகப்போகும் பாதையோ வீட்டு வாசலில் தொடங்கி மகள் வீடு வரை நல்ல தார் ரோடு. இந்தச் சின்ன விவரம் அவர் ஆசைக்குக் குறுக்கே நிற்கவில்லை. மனைவி நிற்பார் என்பதுதான் கவலை.

அன்று சாயங்காலம் வண்டி நிறுத்தும் இடத்தில் மொட்டை டயரைத் தடவிக்கொண்டு நின்றவரை மாடி வீட்டுப் பல் டாக்டர் பிடித்துக்கொண்டார். பல் டாக்டர் பேசும்போது எதிரில் இருப்பவர் வாயைப் பிளந்துகொண்டுதான் இருப்பார், ஆனால் பதில் பேச முடியாது. அதனால் தன் பேச்சை மறுக்க உலகில் ஆளே இல்லை என்று டாக்டர் நம்பிவந்தார்.

"என்ன சார், டயருக்கு நாடி பாக்கறீங்களா?"

"மாத்தணும் டாக்டர். இதைப் போடணும்னு ஆசை." போனில் படத்தைக் காட்டினார்.

"அடேயப்பா! இந்த சைஸ் பல்லை நான் எந்த வாயிலயும் பாத்ததில்ல."

"வீட்ல ஒத்துக்கமாட்டா."

"கேட்டுட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"கேக்காதீங்க! கேட்டாப் போச்சு. நீங்க எதைச் சொன்னாலும் உங்க வீட்டம்மா மாத்தித்தானே சொல்வாங்க?"

"ஒரு தடவைகூடத் தவறினதில்ல. நீலத் திரைச்சீலைன்னேன். மஞ்சள் தொங்குது."

"அப்போ வேண்டாததைக் கேளுங்க! ரோடு டயர்தான் உசத்தி, அதைத்தான் போடுவேன்னு அடம் பிடிங்க. வேண்டியது தானா வந்து விழும். எங்க வீட்டு சோபா எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறீங்க? சோபாவே வேண்டாம்னு ஒரு மாசம் கத்தினேன். வந்து இறங்கிடுச்சு. அதுக்குப் பின்னாடி இருக்கற தத்துவம் நேத்து சாப்பிட்டுட்டு இருக்கும்போதுதான் பளிச்னு எனக்கே புரிஞ்சுது."

"டாக்டர், உங்களுக்கு மூளை எங்கயோ இருக்கு!"

"இங்கதான்," என்று டாக்டர் அடக்கமாக நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

அன்றிலிருந்து மெக்கானிக் ரோடு டயரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். பொய் சொல்வதானாலும் விஷயத்தோடு சொல்ல வேண்டுமே. சாப்பாட்டு இடைவேளையில் லிஃப்ட் மெஷின் ரூமில் உட்கார்ந்து வீடியோ வீடியோவாகப் பார்த்தார். பிடிக்காத பெண்ணைப் பற்றி விசாரிக்கப் போன மாப்பிள்ளைக்கு அவள் குடும்ப வரலாறே மனப்பாடமான கதையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மனைவி துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். இவர் தொண்டையைச் செருமினார்.

"இந்தா பாரு, டயர் விஷயமா ஒரு முடிவு எடுத்துட்டேன். யார் தடுத்தாலும் கேக்கப்போறதில்ல."

மனைவியின் கால் தரையை அழுத்தியது. "சொல்லுங்க."

"ரோடு டயர்தான். அதுல நடுவுல ரப்பர் கெட்டியா இருக்கும். நேர் ரோட்டுல சீக்கிரம் தேயாது. ஓரத்துல மெத்துனு இருக்கும். வளைவுல சாயும்போது தரையை அப்படியே பிடிச்சுக்கும். மழை பெஞ்சா மேல வெட்டியிருக்கற காடி வழியாத் தண்ணி வெளியே போயிடும். ரெண்டு பேர், ரெண்டு பெட்டி, அத்தனை பாரத்தையும் தாங்கும். சத்தமே வராது!"

"ம்."

"பட்டன் டயர்னு ஒண்ணு இருக்கு. மண்ணுல அது ராஜா. தார் ரோட்டுல? கட்டை கட்டையா நிக்கறதால தரையில படற இடமே கம்மி. ஈர ரோட்டுல சட்டுனு பிரேக் பிடிச்சா வழுக்கும். அதை நான் கையாலயும் தொடமாட்டேன்!"

சொல்லிவிட்டு எதிர்ப்புக்காக மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். சட்டையை மடித்தார்.

"சரிங்க."

"என்ன சரி?"

"ரோடு டயரே போடுங்க."

மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் அந்த வாயிலிருந்து கேட்டதில்லை. உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கக்கூட ஓர் அடி எடுத்து வைத்தார்.

"அவசரப்படாத. நல்லா யோசிச்சு சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? இவ்வளவு தெளிவா எடுத்துச் சொன்னீங்க. நான் ஸ்கூல்ல பாடம் நடத்தினாக்கூட இப்படி வராது."

"அது சரி... நடுவுல மண் ரோடு வந்துட்டா?"

"எங்க வருது?"

"பொண்ணு வீட்டாண்ட கொஞ்சம் மண்ணா இருக்காம்."

"எவ்வளவு தூரம்?"

"கேட்லேர்ந்து... படி வரைக்கும்."

"இறங்கி நடந்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு மனைவி அடுத்த சட்டையை எடுத்தார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவருக்கு ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. மறுநாள் மனைவி டயர்க்கடைக்கு வந்து சேர்வதற்குள் இவர் முன்னால் ஓடினார். கடையை நடத்துபவரை எல்லோரும் டயர்க்கடை அக்கா என்பார்கள்.

"அக்கா, ஒரு உதவி. இப்போ வீட்ல வருவாங்க. என் வண்டி சைஸ்ல ரோடு டயர் இல்லவே இல்லைன்னு சொல்லிடுங்க. பட்டன் டயர்தான் இருக்குன்னு சொல்லுங்க."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கெதுக்கு உங்க குடும்ப விஷயம்? சரி, சொல்லித் தொலைக்கிறேன்."

மனைவி வந்தார். அக்கா சொன்னபடி சொன்னார். மெக்கானிக் முகத்தை முடிந்தவரை சோகமாக வைத்துக்கொண்டார்.

"அடடா. எனக்கு ரோடு டயர்தான் வேணும்னு இருந்துச்சு. விதி! இருக்கறதைப் போட்டுக்கவேண்டியதுதான்."

"சேச்சே, வேண்டாங்க," என்றார் மனைவி. "ஈர ரோட்டுல வழுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? உங்க பேச்சை மீறி எதையாவது போட்டு ஆபத்தை வாங்கிக்கணுமா? பைக் வீட்டுலயே நிக்கட்டும். நாம பஸ்ல போயிடலாம்."

"பஸ்லயா?"

"எனக்கு ஜன்னலோர சீட் கிடைச்சாப் போதும். உங்களுக்கு எங்க கிடைக்குதோ அங்க உக்காந்துக்கோங்க."

மெக்கானிக்கின் கண்முன்னே ஒரு பஸ் வந்து நின்றது. முன்னால் எங்கோ அவள், பின்னால் எங்கோ இவர், நடுவில் நாற்பது பேர். ஆறு மாதமாகக் காத்திருந்த பயணம் அதற்குள் நசுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா!" என்று அலறினார். "உள்ளே நல்லாப் பாருங்கக்கா! ரோடு டயர் இருக்கும்! கட்டாயம் இருக்கும்!"

"இல்லைன்னு சொல்லச் சொ..."

"மேல் தட்டுல பாருங்கக்கா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

அக்கா பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே போய் ஒரு ஜோடி ரோடு டயரை உருட்டிக்கொண்டு வந்தார். "புது டயர் மேல வழவழன்னு இருக்கும். கொஞ்ச நாள் மெதுவா ஓட்டிப் பழக்குங்க," என்றார். பழக வேண்டியது டயரா, ஆளா என்று அவர் சொல்லவில்லை.

ஒரு வாரம் வேலைக்குப் போய் வந்து டயரைப் பழக்கிவிட்டு, இருவரும் கிளம்பினார்கள்.

ஊரைத் தாண்டியதும் மெக்கானிக் ஓர் அதிசயத்தைக் கவனித்தார். பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. வண்டியோடு வந்த பழைய டயர் பாதி மண்ணுக்கும் பாதி ரோட்டுக்குமானது. வேகம் எடுத்தால் மாவு மிஷின் மாதிரி இரையும். அந்த இரைச்சலில் அவள் சொன்ன எதுவும் இத்தனை நாள் இவர் காதில் விழுந்ததில்லை. இப்போது எல்லாம் விழுந்தது. டிரைவிங் ஸ்கூலில் இடதுபக்கம் திரும்பச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்ளும் ஒரு வக்கீலைப் பற்றிச் சொன்னாள். மகள் குழந்தையாக இருந்தபோது லிஃப்டில் அப்பா வேலை செய்கிறார் என்பதை அப்பா லிஃப்டிலேயே குடியிருக்கிறார் என்று நினைத்து அழுததைச் சொன்னாள். இவர் சிரித்த சிரிப்பில் ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்தது. கேஸையும் குழாயையும் பற்றி யாரும் பேசவில்லை.

மலையில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வளைவு திரும்பினால், எதிரே ரோட்டை அடைத்துக்கொண்டு பழுதாகி நிற்கிறது ஒரு லாரி. மெக்கானிக் பிரேக்கைப் பிடித்தார். பின்னால் மனைவியின் கால் ஃபுட்ரெஸ்டை அழுத்தியதும் அவருக்குத் தெரிந்தது. வண்டி ஒரு விரற்கடை கூட வழுக்கவில்லை. சமர்த்தாகத் தலையைக் குனிந்துகொண்டு, லாரிக்கு ஓர் ஆள் நீளம் முன்னாலேயே நின்றது.

மெக்கானிக் இன்ஜினை அணைத்தார். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் கை இவர் தோளில் இருந்தது. ஆசைப்பட்டது நடந்திருந்தால், இந்த ஈர ரோட்டில், இந்த வளைவில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தார். அந்த டயருக்கு நன்றி, தன் தோல்விக்கு நன்றி, அன்றைக்கு அதிசயமாக "சரிங்க" என்று சொன்ன இந்த மகராசிக்கு ஆயிரம் நன்றி என்று மனத்துக்குள் கும்பிட்டார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை. சூடான டம்ளரைக் கையில் வாங்கியதும் அவரால் அடக்க முடியவில்லை.

"ஏம்மா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"உயிரோட டீ குடிக்கிறோம். இப்போ எதுக்குக் கோவம்? சொல்லுங்க."

"எனக்கு நிஜமாவே வேணும்னு இருந்தது பட்டன் டயர்தான். நேராக் கேட்டா நீ மறுப்பேன்னு மாத்திக் கேட்டேன். நீ பாட்டுக்கு ஒத்துக்கிட்ட. நல்லவேளை ஒத்துக்கிட்ட. ரொம்ப நன்றிம்மா."

மனைவி டீயை ஊதினார். "தெரியும்."

"தெரியுமா?"

"சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி பட்டன் டயர் படத்தைப் பாத்து ஏங்கிட்டு இருந்தவர், திடீர்னு ரோடு டயருக்குப் பிரசங்கம் பண்ணினா தெரியாதா?"

"அப்போ ரோடு டயரைப் போடுங்கன்னு நேராவே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தாக் கேட்டிருப்பீங்களா?"

மெக்கானிக் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "மாட்டேன்."

"அதான். நீங்களே தேடி, நீங்களே படிச்சு, நீங்களே சொல்லட்டும்னு விட்டேன்."

"நீ விட்டியா? அந்த யோசனை பல் டாக்டரோடதாச்சே!"

"டாக்டர் வீட்டம்மாகிட்ட சொன்னது நான். அவங்க சாப்பாடு போடும்போது அவர் காதுல போட்டு வெச்சாங்க."

மெக்கானிக் டம்ளரை ணங்கென்று பெஞ்சில் வைத்தார்.

"அடப்பாவி டாக்டர்! கூடவே இருந்துக்கிட்டு அந்த மனுஷனும் உங்க கட்சியா? ஊருக்குத் திரும்பினதும் முதல் வேலையா அவரை நாலு கேள்வி கேக்கறேன்!"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் கேட்டுடாதீங்க," என்றார் மனைவி. "அது தன்னோட சொந்த யோசனைன்னுதான் பாவம் அவர் இன்னமும் நினைச்சுட்டு இருக்கார்."