தாம்பாளத்தில் அளந்த சீவாளி

சீர் கொடுத்த தாம்பாளத்தை அறுத்து நாயனத்துக்கு அளவு பார்த்த புருசனை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? குன்றாண்டார்கோவில் பக்கத்தில் செவந்திக்கு அப்படி ஒருவர் வாய்த்திருந்தார். பேர் நாகராசு.

நாயனம் பிசிறினால் நாகராசு தன்னைக் குற்றம் சொன்னதே கிடையாது. "சீவாளி சரியில்லை" என்பார். நாயனத்தின் வாயில் செருகி ஊதுகிற நாணல் துண்டுதான் சீவாளி. மழை பெய்தால் ஊதிக்கொள்ளும், வெயில் அடித்தால் முறுக்கிக்கொள்ளும். முறுக்கில் புது மாப்பிள்ளை அதனிடம் தோற்றார். அவரிடம் இருந்த ஒரு கொத்தில் ஒன்றே ஒன்றுதான் தேனாகப் பேசும். அதற்கு மகாராசா என்று பேர்.

விடிந்தால் கோயில் திருவிழா. இந்த வருசம் புதுசாக மைக் செட். பிசிறினால் கொடும்பாளூர் வரைக்கும் கேட்குமே! மகாராசாவின் கனத்திலேயே நாலைந்து சீவி வைத்துக்கொண்டால்? செவந்தி குளத்துக்குப் போன நேரம் பார்த்து, தாம்பாளத்தின் விளிம்பில் அரத்தால் ஒரு பிளவு போட்டார். மேலே அகலம், போகப்போக ஒடுக்கம். சீவாளியின் உதட்டை அதில் விட்டால் கனத்துக்குத் தக்க இடத்தில் நிற்கும். மகாராசா நின்ற இடத்தில் ஆணியால் ஒரு கீறல்.

"எங்கப்பா குடுத்த தாம்பாளங்க!" என்று அலறிக்கொண்டே வந்தாள் செவந்தி.

"ஓரமாத்தானே கொஞ்சம்?"

"ஒங்க காதுலயும் ஓரமாக் கொஞ்சம் அறுக்கவா?"

"ஒனக்கு என்னடி தெரியும்? இது கருவி!"

"சரி, வச்சுக்கங்க. நாளைக்கு நானும் வாரேன். பொன்னமராவதியிலேருந்து எங்கக்கா வருது. பிள்ளையை இன்னும் அது கண்ணால பாக்கலை."

"ஆகாது. நான் ஒரு ராகம் எடுப்பேன், ஒம் மக ராசாத்தி ஒரு ராகம் எடுப்பா. மைக்குல ரெண்டும் கேக்கும். பிள்ளைக்கும் நாயனத்துக்கும் என்ன சம்பந்தம்? வீட்டுல இருங்க."

ராசாத்திக்கு மொத்தம் இரண்டு பல். கிடைத்ததெல்லாம் வாய்க்குத்தான். செவந்தி திரும்பிப் பார்த்தபோது மகாராசா பிள்ளை கையில் இருந்தார், வாய்க்குப் போகிற வழியில். வெடுக்கென்று பிடுங்கினாள். நாகராசுவிடம் கொடுக்கத்தான் போனாள். "என்ன சம்பந்தம்னு கேக்குறேன்" என்று அவர் இன்னொரு தரம் சொன்னார். மகாராசா முந்தானை முடிச்சுக்குள் போய்விட்டார்.

நாகராசு வீட்டைப் புரட்டித் தேடினார். அப்புறம் நெஞ்சை நிமிர்த்தினார். "போனாப் போகுது, கீறல் இருக்கு!"

சீவினார். அளந்தார். கீறலில் கச்சிதமாக நின்றது. ஊதினார். எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இன்னொன்று சீவி ஊதினார். பக்கத்து வீட்டு ராக்காயி எட்டிப் பார்த்து, "ஏ செவந்தி, யாருக்கு மேலுக்கு முடியலை?" என்றாள்.

"அளவு சரியா இருக்கே! ஏன் பேச மாட்டேங்குது?" நாகராசுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அளவு மட்டும் போதுமாங்க? மகாராசாவை ராசாத்தி தெனமும் கடிப்பா. அந்தப் பதம் வேணாமா?"

"போடி!"

"ஒண்ணைக் குடுங்க, காட்டுறேன்."

பிள்ளையோடு அடுப்படிக்குள் போனாள். புதுச் சீவாளி அடுப்புக்குள் போனது. மகாராசா முந்தானையிலிருந்து இறங்கி, தண்ணீரில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வெளியே வந்தார். அடையாளம் தெரியாதா என்கிறீர்களா? மனுசன் சீவாளியையா பார்த்தார், கீறலைத்தானே பார்த்தார்!

"கச்சிதம்!" என்று ஊதினார். தேன்.

"இன்னொண்ணு கடிக்கச் சொல்லு!"

"ரெண்டே பல்லுங்க. இன்னைக்கு இவ்வளவுதான்."

"நாளைக்கு நடுவுல இது மக்கர் பண்ணினா?" கேட்டவர் பிள்ளையின் வாயைப் பார்த்தார். குரல் குழைந்தது. "செவந்தி, நீயும் பிள்ளையும் வாங்களேன்."

"பிள்ளைக்கும் நாயனத்துக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஒன் கால்ல விழணுமாடி?"

"அதுக்கில்லை. அம்புட்டுத் தூரம் பிள்ளையைத் தூக்கினா எனக்கு இடுப்பு ஒடியும்."

"நான் தூக்கியாரேன்!"

மறுநாள் ஊரே பார்த்தது. பட்டுறை போட்ட நாயனத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு செவந்தி முன்னால் நடந்தாள். இடுப்பில் பிள்ளை, கக்கத்தில் தாம்பாளமாக வித்துவான் பின்னால் வந்தார். கோயில் வாசலில் அக்கா ஓடிவந்து பிள்ளைக்குக் கை நீட்டினாள். நாகராசு கொடுக்க மனசில்லாமல் கொடுத்தார்.

"மதினி, நல்லாக் கொஞ்சுங்க. முறுக்கு கிறுக்கு மட்டும் குடுத்துறாதீங்க, பல்லு மழுங்கிரும்."